சாம்பலிக்கு முழுக்கைச் சட்டை

அன்று அந்த முற்றத்தில் நின்றவர்கள் இவர்கள்.

வீட்டுக்காரர். இலண்டனில் இருந்து வந்தவர். ஊரில் அவரை இலண்டன்காரர் என்றுதான் சொல்வோம்.

அவருடைய மனைவி. வீட்டுப் படியில் கால் வைக்க மாட்டேன் என்று மாமரத்துக்குக் கீழே நின்றார்.

பூசாரி. மோட்டார் சைக்கிளில் வந்தவர். பையில் பூசணிக்காய், தேசிக்காய், சுத்தியல், ஆணி.

நான். கிணறு இறைக்கிறவன். பேயை விரட்டக் கழிப்புக் கழித்த கையோடு கிணற்றையும் இறைக்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

அக்கா. வீட்டுச் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, அவர் கையில்.

வேறு ஒருவரும் இல்லை. இப்போது தாங்களும் நின்றதாகச் சொல்கிறவர்களைச் சேர்த்தால் ஒரு பஸ் நிரம்பும்.

அக்கா என்றால் எனக்கு உறவு இல்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் அக்காதான். எங்கள் ஊர் சரவணையில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆட்கள் கனடா, இலண்டன், பாரிஸ். விற்கவும் மனமில்லை, வந்து இருக்கவும் மாட்டார்கள். திறப்பை ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர் முற்றம் கூட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை சாமியறையில் விளக்குக் கொளுத்த வேண்டும். அதற்கு மாதம் மாதம் ஏதோ அனுப்புவார்கள். எங்கள் பக்கத்தில் அந்த வேலை அக்காவுக்கு. கலியாணம் செய்யாதவர். சொந்த வீடு சண்டையில் போய், அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. இலண்டன்காரர் வீட்டுக்குப் பின்னால் சமைக்கிறதுக்குத் தனிக் குசினி ஒன்று உண்டு. அதில்தான் அவருடைய பாய், அடுப்பு, புத்தகம்.

புத்தகம் என்றால் படக்கதை. பேய்ப் படக்கதை. இந்தியாவில் அச்சடித்து யாழ்ப்பாணம் டவுனுக்கு வரும். ஒரு கடைக்காரர் அக்காவுக்கென்று எடுத்து வைப்பார். புதுப் புத்தகம் வந்தால் அக்கா பஸ் ஏறி, மண்டைதீவுச் சந்தி தாண்டி, பண்ணைப் பாலத்தால் போய் வாங்கி வருவார். வரும்போது பஸ்ஸிலேயே வாசிப்பார். இறங்கும் இடம் தெரியாது. பஸ் ஊர்காவற்றுறைக்குப் போய்விடும். நான்தான் சைக்கிளில் போய் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஒருமுறை என்றால் பரவாயில்லை. கடைசிவரை இதே கூத்து.

அந்தக் கதைகளில் வருகிறவள் பெயர் சாம்பலி. சூனியக்காரி என்று சொல்லி ஊர்ச்சனம் எரித்த பெண். சாம்பலில் இருந்து எழும்பியவள். முகத்தில் பாதி சாம்பல் நிறம். கையில் ஒரு லாம்பு. எந்த வீட்டைக் கண்டு சனம் ஓடுகிறதோ அந்த வீட்டுக்குப் போவாள். போய்க் கதவைத் திறப்பாள். எல்லாப் புத்தகமும் அதுதான்.

"ஒரே கதையைத்தானே அக்கா திருப்பித் திருப்பி வாசிக்கிறியள்?"

"நீரும் ஒரே கிணத்தைத்தானே திருப்பித் திருப்பி இறைக்கிறீர்?"

அவரோடு கதைத்து வெல்ல ஏலாது.

சாம்பலிக்கு உடுப்புக் காணாது. படம் கீறினவர் துணியில் மிச்சம் பிடித்திருந்தார். கை இல்லாத சட்டை. தொடை வரை கிழிந்த பாவாடை. குதி உயர்ந்த சப்பாத்து. அக்கா புத்தகம் வாங்கி வந்த அன்றே நீலப் பேனையோடு குந்துவார். ஒவ்வொரு படத்திலும் முழுக்கைச் சட்டை போடுவார். பாவாடையைக் கணுக்கால் வரை இறக்குவார். சப்பாத்தின் குதியை அடித்துவிட்டு இறப்பர் செருப்பு ஆக்குவார். ஒரு புத்தகத்துக்கு ஒரு பேனை முடியும்.

மானத்துக்குச் செய்கிறார் என்று நினைத்தேன். சொன்னேன். பேச்சு விழுந்தது.

"மானமோ? பத்தைக்குள்ள போறாள் தம்பி. நெருஞ்சி, நாயுருவி, பாம்பு. உந்தச் சப்பாத்தோட ஆர் ஓடுறது? கீறினவன் ஒருநாளும் பூட்டின வீட்டுக்குள்ள போகேல்லை. நான் போறனான். என்ன உடுக்கவேணும் எண்டு எனக்குத் தெரியும்."

அவர் போவதும் அப்படித்தான். சட்டைக்கு மேல் செத்துப்போன தகப்பனாரின் முழுக்கைச் சேட். தலையில் துவாய். கையில் ரோச் லைற். பெடியள் ரோட்டில் "சாம்பலி போறா, சாம்பலி போறா" என்று கத்துவார்கள். அவருக்குக் கோபம் வராது. கையைக் காட்டிவிட்டுப் போவார். எனக்குத்தான் வரும்.

கிணறு இறைக்கும்போது மேலே ஒருவர் நிற்க வேண்டும். பம்பில் தண்ணீர் வற்றியதும் நான் இறங்கிச் சேற்றை வாளியில் அள்ளுவேன். மேலே நிற்பவர் இழுத்துக் கொட்டிவிட்டு வாளியைத் திரும்ப இறக்க வேண்டும். அக்காவிடம் திறப்பு உள்ள வீடுகளில் மேலே நிற்பதும் அவர்தான். கைப்பலம் உண்டு. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாளி நிரம்புவதற்குள் இடுப்பில் செருகிய புத்தகத்தை எடுத்துவிடுவார்.

"அக்கா, இழுங்கோ."

சத்தம் இல்லை.

"அக்கா!"

"பொறும் தம்பி. படியில இறங்கிறாள்."

"நான் இஞ்சை சேத்துக்குள்ள நிக்கிறன்."

"இதிலையும் ஒருத்தன் சேத்துக்குள்ளதான் நிக்கிறான். கேளும். பழைய கிணறு. அடியில ஒரு ஆள். அவனுக்குப் பின்னால சுவரில இருந்து ஒரு கை மெல்ல மெல்ல வருது."

"வாளி, அக்கா!"

"திரும்பிப் பாக்காதையும்."

பார்த்தேன். இத்தனை வருசம் கிணற்றுக்குள் இறங்குகிறேன், அன்றைக்குத்தான் முதல் தடவை திரும்பிப் பார்த்தேன். தவளை. மேலே அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் தொய்வாகிவிட்டது. அவருக்குத் தொய்வு வருத்தம் இருந்தது. மூச்சு இழுத்தால் அடுத்த வளவுக்குக் கேட்கும். அது அடங்கும் வரை நான் தவளையோடு நின்றேன்.

நெடுந்தீவுக் கதை இதைவிட மோசம். ஒரு புத்தகத்தில் கடைசித் தாள் இல்லை. கடைக்காரரிடம் வேறு பிரதி இல்லை. நெடுந்தீவில் வேலை செய்யும் ஒரு நேர்ஸிடம் அதே புத்தகம் இருக்கிறது என்று எப்படியோ அறிந்துகொண்டார்.

"தம்பி, நாளைக்கு நெடுந்தீவுக்குப் போறம்."

"போனில கேளுங்கோவன்."

"படத்தைப் போனில என்னெண்டு கேக்கிறது?"

அப்போது இருவரிடமும் பட்டன் போன்தான். குறிகட்டுவானில் படகு ஏறினோம். சோளகக் காற்று. கடல் தூக்கித் தூக்கி அடித்தது. நான் கிணற்றுத் தண்ணீருக்குப் பழகினவன். தின்ற இடியப்பம் அவ்வளவும் கடலுக்குள் போனது. நெடுந்தீவு இறங்குதுறையில் நேர்ஸ் புத்தகத்தோடு நின்றார். அக்கா வாங்கினார். கடைசித் தாளை நின்றபடி பார்த்தார். மூடினார். "சரி பிள்ளை" என்று திருப்பிக் கொடுத்தார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார் நேர்ஸ். "இல்லை, போட் வெளிக்கிடப் போகுது." அதே படகில் திரும்ப ஏறினோம். நெடுந்தீவில் குதிரை ஓடித்திரியும், கல் அடுக்கின மதில் கிடக்கும் என்று சனம் சொல்லும். நான் கண்டது இறங்குதுறை மட்டும்.

"என்னக்கா முடிவு? பேயை வெட்டினாளோ?"

"ஓம்."

"அவ்வளவும்தானோ?"

"வேறை என்ன நடக்கும்?"

"அப்ப என்னத்துக்கு வந்தனாங்கள்?"

"ஒரு பொம்பிளையைக் கதவடியில நிக்க விட்டிட்டு எனக்குப் படுக்க ஏலாது."

நான் மறுபக்கம் திரும்பி மிச்சத்தையும் கடலுக்குக் கொடுத்தேன்.

ஊரில் இந்தப் புத்தகங்களைத் திட்டாத ஆள் இல்லை. விளக்குக் கொளுத்துகிற கையால் பேய்ப்படம் தொடலாமா என்பார்கள். ஆனால் அக்காவிடம் இரவல் வாங்கினவர்களை நான் அறிவேன். பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருவர். மீன் விற்கிற ஒரு பெண். நயினாதீவில் ஒரு ஐயரம்மா. ஐயரம்மாவின் புத்தகத்தை நான்தான் கோயில் திருவிழாவுக்குப் போகும்போது அரிச்சினைத் தட்டுக்குக் கீழே வைத்துக் கொண்டு போவேன். அவர் வாங்கி வாழையிலைக்குள் சுற்றுவார். "அக்காட்டைச் சொல்லும், போன முறை தந்ததில ரெண்டு தாள் ஒட்டிப் போச்சு, தீர்த்தத் தண்ணி பட்டிட்டுது" என்பார். கேட்டுவிட்டுப் பேசாமல் வருவேன். எல்லாரும் பெண்கள். ஒருவரும் வெளியில் சொல்ல மாட்டார்கள். திட்டு முழுதும் அக்காவுக்கு.

அப்படி அதில் என்ன இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். மழை நாள். வேலை இல்லை. குசினிக்குள் இருந்தோம். அக்கா ஒரு பக்கத்தைப் பிரித்து என் மடியில் வைத்தார். முழுப்பக்கத்துக்கும் ஒரே படம். எழுத்து ஒன்றும் இல்லை. பெரிய கதவு. அதற்கு முன் சாம்பலி, முதுகு தெரிய. லாம்பு. நீலப் பேனையில் முழுக்கைச் சட்டை.

"இந்த ஒரு பக்கத்துக்குத்தான் தம்பி காசு குடுக்கிறது. திறந்தாப்பிறகு ஒண்டுமில்லை. பேய் வரும், அடிபடுவாள், முடிஞ்சுது. திறக்க முதல் நிக்கிறாளே, அதுதான் கதை."

"பயத்தில நிக்கிறாளாக்கும்."

"பயம்தான். பயமில்லாட்டில் அவளை ஏன் நான் பாக்கவேணும்? மற்றப் பேய்க்கதையளில பொம்பிளை எண்டால் ஒண்டில் பேய், இல்லாட்டில் பேயைக் கண்டு கத்திறவள். வேறை வேலை குடுக்கமாட்டாங்கள். இவள் ரெண்டுமில்லை. பயந்து பயந்து போய்ப் பாக்கிறவள்."

"ஒரு ஆம்பிளை போய்ப் பாத்தால் என்ன?"

"ஆம்பிளை நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போவான். அதில என்ன கதை இருக்கு?"

அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். நன்றாகத்தான் கீறியிருந்தார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பெட்டியோடு தந்து வாசிக்கச் சொல்வார்.

வாசித்ததோடு நின்றிருந்தால் எனக்கும் எரிச்சல் இல்லை. வாசித்ததை வேலைக்குள் கொண்டுவந்தார். பூட்டின வீட்டைத் திறக்க முதல் கதவைத் தட்டுவார். "நான்தான்" என்பார். கொஞ்சம் பொறுத்துத்தான் திறப்பைப் போடுவார். வேலைக்குப் போன எங்களுக்கு வெயில் ஏறும்.

"ஆருக்கக்கா சொல்லுறியள்? உள்ளுக்க ஒருத்தரும் இல்லை."

"வீடு இருக்கு. சத்தமில்லாமல் போனால் கள்ளர் எண்டு நினைக்கும்."

பிறகு ஆளுக்கு ஆள் நல்ல போன் வந்தது. வெளிநாட்டுக்காரர் விளக்குக் கொளுத்தியதற்கு வீடியோ கேட்டார்கள். நம்பிக்கை இல்லாமல் இல்லை, பார்க்க ஆசை. மற்ற ஊர்களில் திறப்பு வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்? சாமியறை, விளக்கு, ஒரு கும்பிடு, முடிந்தது. அக்கா அப்படி அனுப்பினாரா? இல்லை. வாசல் படலையில் தொடங்குவார். மின்சாரம் வெட்டின வீடுகள். யன்னல் எல்லாம் பூட்டு. ரோச் லைற் வெளிச்சம் சுவரில் ஊரும். அக்காவின் மூச்சு கேட்கும். "இப்ப நடு அறை," என்பார் குரலைத் தாழ்த்தி. "அங்காலை என்ன அசையுது? ஒண்டுமில்லை, சேலை. பயப்பிடாதேங்கோ. இப்ப மூலை அறைக்குப் போறன்." பாரிஸில் ஒரு குடும்பத்தில் பிள்ளைகள் தகப்பனுக்கும் தாய்க்கும் நடுவில் வந்து படுக்கத் தொடங்கினார்களாம்.

"விளக்கை மட்டும் எடுத்து அனுப்புங்கோ அக்கா."

"அப்ப வீட்டை ஆர் பாக்கிறது? அவை கட்டின வீடு. மூலை முடுக்கெல்லாம் பாக்கட்டும்."

"சனம் பயப்பிடுது."

"தங்கட வீட்டுக்குத் தாங்களே பயப்பிட்டால் நான் என்ன செய்ய?"

இலண்டன்காரர் வீட்டில் ஒரு அறை பூட்டியே கிடந்தது. அதன் திறப்பு மட்டும் அக்காவிடம் இல்லை. அது இலண்டன்காரரின் தங்கச்சியின் அறை. எல்லோரும் வெளிநாடு போனபோது தகப்பனையும் வீட்டையும் பார்க்க அவரை விட்டுவிட்டுப் போனார்கள். தகப்பன் செத்தார். தங்கச்சி தனியே இருந்தார். விசா வரும் வரும் என்று இருந்தவர், காய்ச்சல் வந்து அந்த அறையிலேயே செத்துப்போனார். அக்கம்பக்கத்தார் கண்டதே சுணங்கி, நாள் கழித்துத்தான். நான் அப்போது மன்னாரில் கூலி வேலை. அக்கா வன்னியில். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த இலண்டன்காரர் அறைக்குள் போகவில்லை. பூட்டினார். திறப்பைக் கொண்டு போய்விட்டார்.

அக்கா இருக்கிற குசினிக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு சுவர். வருசா வருசம் போனில் கேட்பார்: "அண்ணை, அந்த அறைத் திறப்பை ஆரிட்டையும் குடுத்து விடுங்கோ. கூட்டிவிடுறன்." அவர் சரி என்பார். வராது. பூட்டை உடைக்கச் சொன்னேன் ஒருமுறை. "வீட்டுக்காரர் தராத திறப்பு. உடைக்கக்கூடாது," என்றார். சாம்பலி உடைப்பாள்தானே என்றேன். "அவளுக்கு மாதச் சம்பளம் இல்லை," என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா வீடியோ எடுத்துக்கொண்டு போய் அந்தக் கதவுக்கு முன் நின்றார். ரோச் லைற்றை அடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். தொய்வு வேறு. கனநேரம் நின்று, "இதின்ர திறப்பு என்னட்டை இல்லை," என்று சொல்லி முடித்தார். அதை இலண்டன்காரரின் மனைவி பார்த்தார். போனைக் காதோடு வைத்துக் கேட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் மச்சாள் மூச்சு விடுவது கேட்கிறது என்றார். அக்கா போன் எடுத்துச் சொன்னார்: "அது என்ர தொய்வு பிள்ளை." நம்பவில்லை. இலண்டனில் பத்து வீட்டுக்கு அந்த வீடியோ போனது. பத்து வீட்டிலும் மூச்சுக் கேட்டது. அங்கிருந்து ஊருக்குத் திரும்ப வந்தபோது அழுகையும் கேட்டது.

இரண்டு வீட்டுக்காரர் உடனே திறப்பை வாங்கி வேறு ஆளிடம் கொடுத்தார்கள். நான் அக்காவோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. என்ன பிரயோசனம்? அவருக்கு நான் கதைக்காதது தெரியவில்லை. புதுப் புத்தகம் வந்திருந்தது.

பிறகுதான் இலண்டன்காரரும் மனைவியும் வந்தார்கள். வீட்டை விற்பதற்கு வந்தார்கள். வாங்க ஒரு ஆளும் இருந்தார். ஆனால் பேய் வீடு என்று கதை பரவினால் வாங்க மாட்டார். அதனால் கழிப்புக் கழித்துவிட்டு விற்பது என்று ஏற்பாடு. கழிப்பை அவர்கள் திரும்பிப் போகும் நாளில்தான் வைத்தார்கள். அதற்கு முதல் அந்த வளவுக்குள் கால் வைக்க மனைவிக்குத் துணிவு இல்லை. அவர்கள் வந்த வான் வண்டிக்குள் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. வந்து இறங்கியதில் இருந்து புருசனும் பெண்சாதியும் அதோடுதான். பெட்டி தூக்கி நிறுக்கிற கைத்தராசு ஒன்றைக் கொளுவுவதும் கழற்றுவதும்.

"மிளகாய்த்தூளைக் குறையுங்கோ."

"அதைக் குறைச்சால் பிறகென்னத்துக்கு ஊருக்கு வந்தனாங்கள்? உங்கட ஒடியல் மாவை எடுங்கோ."

பூசாரி கோலம் போடும் இடைவெளியில் மனைவி அக்காவைக் கூப்பிட்டார். நான் பம்புக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. நீங்கள் இண்டைக்கு ஒண்டும் பேசாமல் நிண்டால் காணும். வாங்கிற ஆளிட்டை நான் கதைக்கிறன். அந்தக் குசினியில நீங்கள் இருக்கலாம். ஏதும் குழப்பினியள் எண்டால் என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

"ஓம் பிள்ளை."

அவர் போனதும் நானும் சொன்னேன். "அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன். வாயைத் திறக்காதேங்கோ. உந்தக் குசினியும் போனால் எங்கை போவியள்?"

"எனக்குத் தெரியும் தம்பி. நான் என்ன சின்னப்பிள்ளையோ?"

பூசாரி தேசிக்காய் வெட்டினார். சாம்பிராணி போட்டார். பூசணிக்காயை உடைத்தார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு சொல் இல்லை. எனக்கே ஆச்சரியம். குசினி தப்பியது என்று நினைத்தேன். பூசாரி சுத்தியலையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய் அந்தக் கதவடியில் நின்றார். நாங்கள் பின்னால் போனோம். மனைவி யன்னலுக்கு வெளியில்.

"உள்ள இருக்கிறதைக் கட்டி ஆணி அடிச்சு விடுறன்," என்றார் பூசாரி. "இனி இந்தக் கதவு ஒருகாலமும் திறக்கப்படாது. வாங்கிறவருக்கும் சொல்லிவிடுங்கோ."

ஆணியைக் கதவில் வைத்தார்.

"பொறுங்கோ ஐயா," என்றார் அக்கா.

முடிந்தது, என்று நான் பம்படிக்குத் திரும்பப் பார்த்தேன். பிறகு அங்கேயே நின்றேன்.

யன்னலுக்கு வெளியில் இருந்து மனைவி, "அக்கா, சொன்னனான் எல்லோ?" என்றார்.

"சொன்னனீங்கள் பிள்ளை. நானும் ஓம் எண்டனான். ஆணி எண்டு நீங்கள் சொல்லேல்லை. இது ஒரு பொம்பிளையின்ர அறை. அவள் உயிரோட இருக்கேக்க இந்தக் கதவை ஒருத்தரும் வந்து தட்டேல்லை. செத்தாப்பிறகு சுத்தியலோட வாறியள்."

பூசாரி சொன்னார்: "அம்மா, உங்களுக்கு விசயம் விளங்கேல்லை. மூச்சு விடுற சத்தம் வீடியோவில பதிஞ்சு கிடக்கு."

அக்கா அவருக்குக் கிட்டப் போய் நின்று மூச்சை இழுத்து விட்டார். சாம்பிராணிப் புகைக்கு ஏற்கெனவே தொய்வு கிளம்பியிருந்தது. வீடு முழுக்கக் கேட்டது. யன்னலுக்கு வெளியிலும் கேட்டிருக்கும். பூசாரி ஆணியைக் கீழே இறக்கினார்.

"அண்ணை," என்று அக்கா இலண்டன்காரரைப் பார்த்தார். "வீட்டை வில்லுங்கோ. என்னைக் குசினியால எழுப்பி விடுங்கோ. அது உங்கட விருப்பம். பாக்காமல் ஆணி அடிக்க வேண்டாம். திறப்பு உங்களிட்டைத்தானே இருக்கு?"

அவர் களிசான் பையில் இருந்து திறப்புக் கோர்வையை எடுத்தார். கார்த் திறப்பு, இலண்டன் வீட்டுத் திறப்பு. நடுவில் ஒரு கறள் பிடித்த பழைய திறப்பு. அதைக் கழற்ற அவருக்குக் கை வரவில்லை. கோர்வையோடு அக்காவிடம் கொடுத்தார்.

"நீங்கள் திறவுங்கோ. என்னால ஏலாது."

அக்கா கதவைத் தட்டினார். "நான்தான்," என்றார். பிறகு நின்றார். தகப்பனாரின் முழுக்கைச் சேட், தலையில் துவாய். திறவுங்கோவன் என்று எனக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பூட்டு இறுகிக் கிடந்தது. நான் ஓடிப்போய் பம்பு எண்ணெய் கொண்டுவந்து விட்டேன். திறந்தது.

வௌவால் எச்சம். கறையான் தின்ற அலுமாரி. ஓடு விழுந்த இடத்தால் வெயில். ஒரு கட்டில்.

"என்ன இருக்கு?" என்று மனைவி வெளியில் இருந்து கத்தினார்.

"கட்டில் இருக்கு பிள்ளை. கீழை ஒரு சூட்கேஸ் இருக்கு. வேறை ஒருத்தரும் இல்லை," என்றார் அக்கா. அவர் குரலில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. எனக்குத் தெரியும் அவரை.

சூட்கேஸை நான் இழுத்து வெளியே எடுத்தேன். கெட்டிப் பிளாஸ்ரிக் பெட்டி, கறையான் தொடவில்லை. கைபிடியில் ஒரு சிவப்புத் துணித்துண்டு கட்டியிருந்தது. விமான நிலையத்தில் அடையாளம் தெரிவதற்குக் கட்டுவார்களே, அது. பாரமாக இருந்தது. முற்றத்தில் கொண்டுபோய் வைத்தேன். பூசாரி அதைக் கடலில் விடலாம் என்றார். "ஐயா, நீங்கள் உங்கட பூசணிக்காயை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுங்கோ," என்றார் அக்கா.

அந்த வீடு விற்கப்படவில்லை. அக்காவும் குசினியை விட்டு எழும்பவில்லை. தொய்வு முற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வரை அங்கேதான் இருந்தார். அந்த அறையையும் கூட்டி விளக்கு வைத்தார். வீடியோவும் அனுப்பினார், அதே மாதிரி, படலையில் தொடங்கி, மூச்சோடு. திருத்த ஏலாது அவரை. வாங்க வந்த ஆள் பேய்க்குப் பயந்து ஓடிவிட்டார் என்று ஊரில் கதை. தான் கட்டிவிட்டதால் வீடு நின்றது என்று பூசாரி சொல்லித் திரிகிறார். அக்கா புத்தகத்தைத் தட்டிக் காட்டுவார். மூன்றும் இல்லை. நடந்தது நான் பார்த்தேன்.

அன்று முற்றத்தில் இலண்டன்காரர் சூட்கேஸைத் திறக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் மண்ணில் இருந்துவிட்டார்.

"இது நான் காசு அனுப்பி வாங்கினது," என்றார். "விசா வரப்போகுது, கட்டி வை எண்டு ரெலிபோனில சொன்னனான். இருபது கிலோவுக்கு மேலை பிளேனில விடமாட்டாங்கள், நிறுத்துக் கட்டு எண்டனான். பிறகு விசா இல்லை எண்டிட்டாங்கள். அதை அவளுக்கு நான் சொல்லேல்லை. வரும் எண்டே சொல்லிக்கொண்டு இருந்தனான்."

மனைவி யன்னலடியை விட்டு வந்து பக்கத்தில் நின்றார். இலண்டன்காரர் எழும்பி வானுக்குப் போனார். கைத்தராசோடு வந்தார். சிவப்புத் துணிக்குப் பக்கத்தில் கொக்கியைக் கொளுவினார். தூக்கினார், முடியவில்லை. நான் ஒரு கை கொடுத்தேன். பெட்டி நிலத்தை விட்டு எழும்பியது. அவருக்குக் கண் நிறைந்து போய் இலக்கம் தெரியவில்லை.

"எவ்வளவு தம்பி காட்டுது?"

வாசித்தேன்.

"பத்தொன்பதரை."